தண்ணீர் தெளிக்காத அறை

நான் பீடி, சுருட்டு எதுவும் தொடாதவன். வெற்றிலைகூடப் போடுவதில்லை. இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்திரண்டு வருஷமாக ரசாயன வாத்தியாராக இருக்கிறேன். டீ குடிக்கவே யோசிக்கிறவர் என்று பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் ஐயா அவர்களுக்கு இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், தங்கள் கோர்ட்டில் மூன்று நாள் பீடியைப் பற்றியே பேச்சு நடந்தது. அதிகம் பேசியவன் நான்.

என் பெயர் வேதசிரோமணி. இராஜபாளையத்தில் நூல் மில்லின் தூசி அறை வெடித்து மூன்று பெண்கள் இறந்த வழக்கில் சர்க்கார் தரப்பு ஆறாம் சாட்சி. மேஸ்திரி சிவனாண்டி வெளிச்சுவர் ஓரமாக நின்று பீடி குடித்தான், பொறி ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது, அதனால்தான் வெடித்தது என்பது வழக்கு. இறந்தவர்களில் பெத்தம்மாள் அவன் மனைவி. கூண்டில் நின்று அவன் எதையும் மறுக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை தீர்ப்பு என்றார்கள். அதற்குள் இது தங்கள் கைக்கு வந்துசேர வேண்டும். சிவனாண்டி மேல் தப்பு இல்லை. அவன் அந்தப் பீடியைப் பற்றவைப்பதற்குப் பத்தொன்பது நாள் முந்தியே நெருப்பு அந்த அறைக்குள் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கு எழுத வராது.

பஞ்சில் இரண்டு விதமாக நெருப்புப் பிடிக்கும். குப்பென்று பிடித்து ஊரைக் கூட்டுவது ஒன்று. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, பத்து வாளித் தண்ணீரில் அடங்கிவிடும். இன்னொன்று சாது. இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதிக்குள்ளே ஒரு பொறி மாட்டிக்கொண்டால், காற்று இல்லாததால் சுடர் விடாது, கனிந்துகொண்டே கிடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை நகரும். மேலே கை வைத்தால் சூடு தெரியாது, புகையும் வராது. பத்துப் பதினைந்து நாள் கழித்து யாராவது பொதியைப் பிரிப்பார்கள். அப்போது காற்றுப் பட்டு எழும்பும்.

போன சித்திரையில் அந்த மில்லில் பொதிகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் அப்படி இரண்டு முறை எழும்பியது. பட்டாளத்துக்குக் காயம் கட்டுகிற துணி நெய்ய நூல் அனுப்புகிற மில். ஒரு வாரம் நின்றால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். மானேஜர் தனுஷ்கோடி ராஜா பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைப் பார்த்தார். காரணம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் மாஸ்டர் என்றார். துத்தநாகத்தில் அமிலத்தை ஊற்றி ஒரே வாயுவை இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தவனைத் தேடி ஒருவர் வந்து ஆராய்ச்சி செய்யுங்கள் என்கிறார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சனிக்கிழமை தோறும் ரயிலேறினேன். மில்லில் என்னை ரிசர்ச் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதி கேலியாகத்தான், ஆனாலும் பிடித்திருந்தது.

பெத்தம்மாளை அங்கேதான் பார்த்தேன். பஞ்சை அடித்து உதறுகிற மிஷின்களுக்குக் கீழே, பாதி தரைக்குள் இறங்கினாற்போல ஓர் அறை உண்டு. மேலே உதறுகிற தூசியெல்லாம் அதற்குள் விழும். இடுப்பளவு குவிந்து கிடக்கும். உத்தரங்களில் ஒரு முழத்துக்குத் தொங்கும். அதைக் கூட்டி அள்ளுகிறவள் அவள். முப்பது வயசு இருக்கும். சாப்பிடும்போதுகூட முகத்துணியை அவிழ்க்க மாட்டாள், கழுத்துக்கு இறக்கி விட்டுக்கொள்வாள். நான் ஆடி மாசத்தில் ஒரு நாள் கிட்டங்கியில் நாற்பது பொதிகளில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் வியர்த்துப்போய் நின்றேன். கூடையோடு அந்த வழியாகப் போனவள் நின்று மூக்கை உறிஞ்சினாள். "மூணாவது வரிசையில அடியில கெடக்கறது கருகுதுய்யா" என்றாள். பிரித்துப் பார்த்தால் நடுவில் தேங்காய் அளவு கங்கு.

அந்த மாச அறிக்கையில் 'தெர்மாமீட்டர் மூலம் கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். மூக்கால் கண்டறியப்பட்டது என்று எழுதினால் யார் மதிப்பார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆகையால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பொதியைவிட்டு என் கவனம் தூசிக்குத் திரும்பியது. மானேஜர் அறையில் ஒரு வேடிக்கை காட்டினேன். மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் பஞ்சுத்தூசியைக் குவித்து நெருப்பு வைத்தால் அது சோம்பேறியாகக் கருகும், அவ்வளவுதான். அதே தூசியை சைக்கிள் பம்பால் ஊதிக் கிளப்பிவிட்டால், அடுத்த கணம் தகரத்தின் மூடி கூரையில் போய் இடித்தது. தனுஷ்கோடி ராஜா நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். "ஏமண்டி மாஸ்டர், ஆபீஸையே கொளுத்திருவீங்க போலிருக்கே" என்று சிரித்தார். வாசலில் நின்றிருந்த சிவனாண்டி சிரிக்கவில்லை. நல்ல உயரம், மிஷின் சத்தத்தில் பாதி காது போனவன். "அப்ப தண்ணி தெளிச்சுட்டுக் கூட்டுனா தூசி கெளம்பாது, வெடிக்காது. சரிதானேய்யா?" என்று கேட்டான். சரி என்றேன்.

உண்மையில் அவர்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. எந்த வீட்டுப் பெண்ணும் வாசலைத் தண்ணீர் தெளிக்காமல் பெருக்க மாட்டாள். அந்தப் பழக்கத்திலேயே பெத்தம்மாளும் மற்றவர்களும் தூசி அறையில் செம்பால் தெளித்துவிட்டுத்தான் விளக்குமாற்றைத் தொடுவார்கள். அந்த மில்லில் அதுவரை தூசி வெடிக்காததற்கு என் கணக்கில் அது ஒன்றுதான் காரணம்.

அதை நான்தான் நிறுத்தினேன். தண்ணீர் பட்ட தூசி ஊறிப் புளித்துத் தானே சூடேறும் என்று மானேஜரிடம் சொன்னேன். வைக்கோற்போரில் நடப்பதுண்டு, எனவே பொய்யில்லை. அவர் உடனே உத்தரவு போட்டார். சிவனாண்டி முகத்தைச் சுளித்தாலும் எதிர்த்துப் பேசவில்லை. படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டான். ஆனால் நான் நிறுத்தச் சொன்ன காரணம் வேறு. புரட்டாசி தொடக்கத்தில் மிஷினுக்குள் ஓர் ஆணி மாட்டிப் பொறி பறந்தது. மறுநாள் பெத்தம்மாள் என்னிடம் வந்து, தூசிக் குவியலின் மூலையில் வாடை லேசாக வருகிறது என்றாள். ஒரு இரும்புக் குழாயை அந்த இடத்தில் செருகி, அதற்குள் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். நாற்பத்தொரு டிகிரி. அறையின் சூட்டைவிடப் பத்து டிகிரி அதிகம்.

ஐயா, பஞ்சு நெருப்பைப் பற்றி எழுதிய எல்லோரும் அது எழும்பிய பிறகு பார்த்தவர்கள். பிறந்த நாளிலிருந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. எனக்கு அது வாய்த்தது. தண்ணீர் தெளித்தால் அளவு கெட்டுப்போகும் என்று தெளிக்க வேண்டாம் என்றேன்.

தினமும் அளவு வேண்டும், எனக்கோ பள்ளிக்கூடம். பெத்தம்மாளுக்கு எண் தெரியாது. ஆகவே ஒரு வழி செய்தேன். ஓலை நறுக்குகளைக் கொடுத்து, கயிற்றை இழுத்ததும் தெர்மாமீட்டர் பக்கத்தில் ஓலையை வைத்து, வெள்ளிக் கம்பி நிற்கிற உயரத்தில் நகத்தால் கீறச் சொன்னேன். காலை ஒன்று, சாயந்தரம் ஒன்று. ஒரு நாளும் தவறவில்லை. மழை பெய்த நாளில் ஓலையை மடிக்குள் வைத்துக் காப்பாற்றினாள். அந்தக் கீறல்களைப் பார்த்தால், என் கல்லூரி நாட்களில் நான் எடுத்த எந்த அளவையும்விடச் சுத்தம்.

என்ன செய்கிறோம் என்று கேட்டாள். தூசிக்குக் காய்ச்சல் பார்க்கிறோம் என்றேன். அதற்கப்புறம் அவள் அப்படியேதான் பேசினாள். பன்னிரண்டாம் நாள், நான் கால்பரீட்சை லீவில் அங்கே போனபோது, "காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுதுய்யா. எனக்குப் பயமா இருக்கு. அவியகிட்டச் சொல்லிரட்டுமா?" என்றாள். அவிய என்றால் சிவனாண்டி. வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யாரிடமும் சொல்லாதே என்றேன். புருஷனிடம் ஒன்றை மறைப்பது அவளுக்குப் புதுசு என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மறைத்தாள்.

ஆயுத பூஜை அன்று மில்லுக்கு லீவு. ஆள் இல்லாத நேரம் பார்த்து நானே தண்ணீர் விட்டு அணைத்துவிடுவது என் திட்டம். யாருக்கும் ஒன்றும் ஆகாது, எனக்கும் அட்டவணை முழுசாகக் கிடைக்கும். பூஜைக்கு முந்தின நாளே மில் முழுவதும் ஒட்டடை அடித்துக் கூட்டுவார்கள் என்பது கிறிஸ்தவனான எனக்குத் தெரியாது என்று போலீசில் சொன்னேன். அது முழுக்கச் சரியல்ல. மூன்று நாள் முன்பே பெத்தம்மாள் சொல்லியிருந்தாள். அன்று அளவு இருநூறைத் தாண்டியிருந்தது. கேட்டுக்கொண்டேன், ஆனால் மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மில்லுக்குப் போனேன். தூசி அறை வாசலில் அவள் காத்திருந்தாள். "இன்னிக்கு உத்தரமெல்லாம் அடிக்கச் சொல்லிருக்காக. ஒங்க குழாயை எடுத்துட்டா நல்லதுய்யா. அவிய பாத்தா என்னத்துக்குன்னு கேப்பாக" என்றாள். உள்ளே அவளோடு வேலை செய்கிற பரிபூரணமும் இன்னொரு பெண்ணும் நீளக் கம்பு கட்டிய விளக்குமாற்றால் உத்தரங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளிக்கவில்லை, உத்தரவு அப்படி. ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் தூசி பாலாடை போல நின்றது. தகரத்துக்குள் நான் சைக்கிள் பம்பால் கிளப்பியது இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இராது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

இருபது படி ஏறினால் சிவனாண்டி நிற்கிற இடம். ஆட்களை வெளியே கூப்பிடு, வாளியில் தண்ணீர் கொண்டு வா என்று சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் எத்தனை நாளாக இது கனிகிறது என்று அவன் கேட்பான். மானேஜர் கேட்பார். பத்தொன்பது நாளாக என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐயா அவர்கள் வேறு பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம், அந்த வெட்கம் ஒன்றுதான். குழாயைச் சத்தமில்லாமல் உருவிவிட்டால், பிறகு தற்செயலாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குழாயை உருவினால் அந்த ஓட்டை வழியாகக் காற்று இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

பெத்தம்மாள் உள்ளே போனாள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். அவள் குழாயை இழுத்தாள்.

முதலில் வந்தது சின்னச் சத்தம், யாரோ இருமினாற்போல. மூலையில் ஒரு மஞ்சள் வெளிச்சம். இது ஆளைக் கொல்லாது. ஆனால் இது உத்தரத்திலும் சுவரிலும் ஒட்டியிருக்கிற தூசி முழுவதையும் உலுக்கிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் பெரியது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும் என்று நான் ஊகித்து எழுதியிருந்தேன். எவ்வளவு என்று தெரியாது. அந்த நேரத்தில் ஓடி வா என்று கத்தியிருக்கலாம். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டே எண்ணினேன். நான்கு சொல்லுமுன் பெரியது வந்தது.

நான் முற்றத்தில் போய் விழுந்தேன். புருவம் பொசுங்கியது, வலது காதில் இன்னும் இரைச்சல். சபையில் எனக்காக ஸ்தோத்திர ஜெபம் செய்தார்கள். தேவன் என்னை அக்கினியிலிருந்து தப்புவித்தார் என்று எங்கள் பாதிரி ஐயர் பிரசங்கித்தார். மூன்று பெண்களையும் ஓலைப்பாயில் சுற்றித்தான் எடுத்துப்போனார்கள். பரிபூரணத்துக்கு இருபது வயசுகூட இல்லை. நான் அன்று அழுதேன். அது நடிப்பில்லை. இன்றும் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போலீசார் வெளிச்சுவர் ஓரத்தில் பீடித்துண்டு கண்டெடுத்தார்கள். கேட்டதும் சிவனாண்டி நான்தான் குடித்தேன் என்றான். கோர்ட்டில் வக்கீல் என்னிடம், பீடிப் பொறியால் தூசி வெடிக்குமா என்று கேட்டார். வெடிக்கும் என்றேன். வேறு காரணம் ஏதாவது கண்டீர்களா என்றார். நான் காணவில்லை என்றேன். குவியலுக்குள் இருக்கிற நெருப்பை யாராலும் காண முடியாது. அந்த அர்த்தத்தில் சொன்னேன். அதுவரை சிவனாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நன்றி சொல்வதுபோல் இருந்தது. அதுவரை அவனுக்கு அரைகுறைச் சந்தேகம் இருந்ததோ என்னவோ. படித்தவர் சொன்னதும் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றுவிட்டதாக உறுதி செய்துகொண்டான். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறாய் என்று ஐயா அவர்கள் கேட்கலாம். மனசாட்சி என்றே எழுதத் தொடங்கினேன், அதுவும் உண்டு. ஆனால் நேற்றுத் தபாலில் கல்கத்தாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்குள்ள விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றுக்கு என் கட்டுரையை அனுப்பியிருந்தேன், பத்தொன்பது நாள் அட்டவணையோடு. பீடியால் வெடித்ததாகக் கோர்ட்டில் சொன்னதையே அதிலும் எழுதியிருந்தேன். ஆசிரியர் கேட்கிறார்: வெடிப்பதற்கு மூன்று நாள் முந்தியே குவியலின் சூடு இருநூறுக்கு மேல் இருந்திருக்கிறது, அப்படியானால் பீடி எதற்கு? இரண்டில் ஒன்று பொய், அட்டவணை பொய்யாக இருக்கலாம் என்று நினைக்கிறார்.

அட்டவணை பொய்யில்லை ஐயா. அது பெத்தம்மாள் எடுத்த அளவு. அதை ஒருவர் பொய் என்று எழுதியதைப் படித்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தேழு ஓலை நறுக்குகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்த பிறகு வரிசை கலையாமல் திருப்பி அனுப்பச் சொன்னால் நல்லது. கட்டுரைக்கு வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி. சாட்சி சொன்ன மறுவாரம் சப்ஜெயிலில் போய்ச் சிவனாண்டியைப் பார்த்தேன். மார்கழிக் குளிர், துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீங்கள் எதற்கு சிரமப்பட்டு வந்தீர்கள் என்றான். அவளுக்கு ரொம்ப நோவு இருந்திருக்குமா என்று கேட்டான். இருந்திராது, அவ்வளவு சீக்கிரம் நடந்தது என்று விளக்கினேன். தேவன் மன்னிப்பார், நானும் மன்னித்துவிட்டேன் என்று அவன் தோளில் கை வைத்து ஜெபம் செய்தேன். அவன் இந்து, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டான். கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நீங்க வாசல்லதான நின்னீக. கடைசியா அவ ஏதாச்சும் சொன்னாளாய்யா?"

மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அன்று மிஷின் ஓடவில்லை என்பது அவனுக்கும் தெரியும், மேஸ்திரி அல்லவா. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டான்.

எனக்கு நன்றாகவே கேட்டது. அவள் குழாயில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கி, மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வாடை ரொம்ப வருதுய்யா. சுடுது. எடுக்கவா, அவியளக் கூப்பிடவா?" என்றாள். நான் எடு என்றேன். அதட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன்.